பெடலைக் கடைசியில் திறக்கவும்

காற்றில் இயங்கும் செதுக்குக் கருவி சரியாக வெட்டவில்லை என்றால் முதல் சந்தேகம் காலடியில் கிடக்கும் பெடல்மேல்தான் விழுகிறது. ஹேண்ட்பீஸ் விலை உயர்ந்தது, அதைத் திறக்கப் பயம். கம்ப்ரஸர் வெளி வராந்தாவில் இருக்கிறது, எழுந்து போக வேண்டும். பெடலோ குனிந்தால் கைக்கு எட்டும். நாலு திருகைக் கழற்றினால் திறந்துவிடும். எனவே அதைத் திறக்கிறார்கள், ஒரு ஸ்பிரிங் தெறித்து மேசைக்கடியில் போகிறது, ஒரு ஓ-ரிங் முறுக்கிக்கொண்டு உட்காருகிறது. அதுவரை நன்றாக இருந்த பெடலும் அன்றிலிருந்து கெட்டுவிடுகிறது. பெடல் பழுது என்று நாம் நினைக்கும் பெரும்பாலானவை பெடலுக்கு முன்னாலோ பின்னாலோ நடப்பவை. பெடலுக்குள்ளேயே வரும் கோளாறுகளில் பலவும் காற்று கொண்டுவந்து சேர்த்தவை. ஆகவே பெடல் பராமரிப்பு கம்ப்ரஸரின் அடியில் உள்ள வடிகால் திருகில் தொடங்க வேண்டும், பெடலின் மூடியைத் திறப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

பெடலை ஒரு சுவிட்ச் என்று நினைப்பதிலிருந்தே பாதிக் குழப்பம் வருகிறது. ஹேண்ட்பீஸுக்குள் ஒரு சிறு பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடி உளியின் வால்பக்கத்தைத் தட்டுகிறது. அந்தத் தட்டு எவ்வளவு வலுவாக விழ வேண்டும் என்பதை ஒவ்வொரு கணமும் கால்தான் சொல்கிறது. பிரைட் கட் வெட்டும்போதும், கல் பதிப்பில் மணிகளை எழுப்பும்போதும், எழுத்தின் மெல்லிய முனையை முடிக்கும்போதும் தேவைப்படுவது பெடலின் முதல் சில மில்லிமீட்டர் அசைவு மட்டுமே. முழுதாக மிதித்தால் நன்றாக ஓடுகிறது என்பதால் பெடல் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மெதுவாக மிதிக்கத் தொடங்கும்போது தட்டு பூஜ்யத்திலிருந்து படிப்படியாக எழுகிறதா, காலை எடுத்ததும் உடனே அடங்குகிறதா, இவை இரண்டுதான் பெடலின் உண்மையான தேர்வு. கருவி நன்றாக வேலை செய்யும் நாளிலேயே இந்தத் தேர்வைச் செய்து, அந்த உணர்வைக் காலுக்குப் பழக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நலமாக இருந்தபோது எப்படி இருந்தது என்று தெரியாதவருக்குப் பழுதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பெடல்கள் எல்லாம் ஒரே மாதிரி செய்யப்படுவதில்லை. சிலவற்றில் மிதிக்கும் அளவுக்கு ஒரு வால்வு திறந்து ஹேண்ட்பீஸுக்குக் காற்றை விடுகிறது. சிலவற்றில் வால்வே கிடையாது. ஒரு மென்மையான ட்யூபை நெம்புகோல் ஒன்று நசுக்கி வைத்திருக்கும், மிதித்தால் பிடி தளரும். இன்னும் சிலவற்றில் பெடலுக்குள் காற்றே போகாது. அங்கே இருப்பது ஒரு மின் சென்சாரும் ஒயரும்தான், காற்றை அளப்பது மேசைமேல் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி. உங்களுடையது எந்த வகை என்பதை அதனுடன் வந்த கையேட்டிலோ, அதற்குள் போகும் குழாய்களையும் ஒயரையும் பார்த்தோ முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ட்யூப் நசுங்கும் வகையில் தேய்வது அந்த ட்யூப் ஒன்றுதான். ஒரே இடத்தில் நசுங்கி நசுங்கி அது தன் வட்ட வடிவத்தை இழந்ததும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. மின் வகையில் ஒயரின் கழுத்து வளையும் இடத்தையும் பிளக்கையும்தான் பார்க்க வேண்டும். அதிகம் பேச வேண்டியது வால்வு வகையைப் பற்றித்தான்.

வால்வு ஏன் கெடுகிறது? கிடக்கும் இடம் அப்படி. கம்ப்ரஸரிலிருந்து உளி வரையுள்ள காற்றுப் பாதையில் மிகத் தாழ்வான இடம் பெடல். குழாய்க்குள் சேரும் தண்ணீர் அதை நோக்கி இறங்குகிறது. அறையிலும் மிகத் தாழ்வான இடம் அதுதான். அரப்பொடியும் எமரித் தூளும் பாலிஷ் மண்ணும் அதன்மேல்தான் விழுகின்றன. உள்ளே தண்ணீர், வெளியே தூள் என்று இரண்டு பக்கமும் தாக்கப்படும் பொருளை மாதம் ஒருமுறை திறந்து துடைப்பதால் என்ன பயன்? வருவதை நிறுத்த வேண்டும்.

தண்ணீரின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதன் அளவு வியப்பளிக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 75 சதவீதம் உள்ள நாளில், கடற்கரை ஊர்களில் இது சாதாரணம், அதில் ஏறக்குறைய 23 கிராம் இருக்கும். கம்ப்ரஸர் அந்தக் காற்றை 100 பிஎஸ்ஐக்கு அழுத்தும்போது அதன் பருமன் எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பழைய வெப்பத்துக்குத் திரும்பியதும் அந்தச் சிறு இடம் 4 கிராமுக்கு மேல் தாங்காது. மீதி 19 கிராம், அதாவது ஏறக்குறைய நாலு தேக்கரண்டித் தண்ணீர், டேங்கின் அடியில் விழுகிறது. இது ஆயிரம் லிட்டர் காற்றுக்கு மட்டும். "என் கம்ப்ரஸர் சின்னது, தண்ணீரெல்லாம் வராது" என்பவர்கள் அதன் வடிகால் திருகை எப்போதாவது திறந்து பார்த்திருக்கிறார்களா என்பது சந்தேகமே.

உண்மையில் சின்ன கம்ப்ரஸர்தான் அதிகத் தொல்லை தரும். அதற்குக் காரணம் உண்டு. பெரிய டேங்கில் காற்று தங்கி ஆறுகிறது. தண்ணீர் அங்கேயே பிரிந்து அடியில் நிற்கிறது. பிறகு ரெகுலேட்டரில் அழுத்தம் குறையும்போது காற்று விரிந்து, முன்னைவிட உலர்ந்ததாகிறது. அந்தக் காற்று பெடலுக்கு நல்லது. சின்ன டேங்கை ஓயாமல் ஓடவிட்டால் ஆற நேரமில்லை. சூடான காற்று நீராவியோடு குழாயில் ஏறி, எங்கே குளிர்ச்சி கிடைக்கிறதோ அங்கே நீராக மாறும். கம்ப்ரஸர் வெயிலில், வேலை செய்யும் அறையில் ஏசி என்ற ஏற்பாடு இப்போது பரவலாகிவிட்டது. அதில் நல்ல டேங்க் இருந்தும் சுவரைத் தாண்டியபின் குழாய்க்குள் தண்ணீர் நிற்கும். ஃபில்டரை கம்ப்ரஸர் பக்கத்தில் மாட்டியவர் "ஃபில்டர் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருப்பார், தண்ணீரோ அதைத் தாண்டிய பிறகு உண்டாகிறது. ஏசி அறையில் வேலை செய்பவர்கள் ஃபில்டரை அறைக்குள், ரெகுலேட்டருக்குச் சற்று முன்னால், மேசை மட்டத்துக்கு மேலே மாட்ட வேண்டும். பொதுக் குழாயிலிருந்து கிளை எடுக்கும்போது அடிப்பக்கத்தில் துளையிடாமல் மேல்பக்கத்தில் எடுத்து வளைத்து இறக்கினால், குழாயில் ஓடும் தண்ணீர் கிளைக்குள் வராது. டேங்கை வேலை முடியும் ஒவ்வொரு மாலையும் வடிக்க வேண்டும். அடுத்த நாள் காலைக்கு என்று தள்ளிவைக்கும் வேலைகள் எப்போதும் அடுத்த வாரத்துக்குப் போய்விடும்.

ஃபில்டரின் ஒளி ஊடுருவும் கிண்ணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது பெரும்பாலும் பாலிகார்பனேட்டில் செய்யப்பட்டது. அசிட்டோன், தின்னர் போன்றவை பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விட்டு, அழுத்தத்தில் இருக்கும்போது வெடித்துச் சிதறக்கூடும். சில செயற்கை கம்ப்ரஸர் எண்ணெய்களுக்கும் இந்தக் குணம் உண்டு. சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். மங்கியோ மயிர்க்கோடு விட்டோ தெரிந்தால் தயங்காமல் மாற்றுங்கள்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கை குறுக்கே வரும். இயந்திரம் என்றால் எண்ணெய் விட வேண்டும், காற்றில் கொஞ்சம் எண்ணெய் வந்தால் நல்லதுதானே என்பது. தையல் இயந்திரத்துக்கும் டயர் கடை இம்பாக்ட் ரெஞ்சுக்கும் அது சரி. செதுக்கு ஹேண்ட்பீஸின் பிஸ்டனோ சிறியது, இழைத்துப் பொருத்தப்பட்டது. மெல்லிய எண்ணெய்ப் படலமே அதன் ஓட்டத்தைத் தாமதப்படுத்தப் போதும். பெடலில் நடப்பது இன்னும் மோசம். கம்ப்ரஸரிலிருந்து தப்பி வந்த எண்ணெயும் டேங்கிலிருந்து வந்த தண்ணீரும் கலந்து மோர் போன்ற வெள்ளைக் கலவையாகி, வால்வின் இருக்கையில் ஒட்டிக் காய்கிறது. முதல் சில மில்லிமீட்டர் அசைவு போய்விடுவது இதனால்தான்: மிதிக்க மிதிக்க ஒன்றும் வராது, பிறகு திடீரென்று பாயும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரைச் சத்தம் வராது என்பதற்காகக் காற்றுக்குப் பயன்படுத்தும் பட்டறைகளில் இந்தக் கோளாறு வாடிக்கை. பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் எண்ணெயில்லா வகைக்கு மாற வசதியில்லை என்றால், வழக்கமான 5 மைக்ரான் ஃபில்டருக்குப் பின்னால் எண்ணெய்த் துளியைப் பிடிக்கும் கோலசிங் ஃபில்டர் ஒன்றையும் சேர்க்க வேண்டும். சாதாரண ஃபில்டர் தூசியையும் நீர்த்துளியையும் பிடிக்கும். எண்ணெய்ப் புகையை விட்டுவிடும். உங்கள் கருவிக்குச் சில சொட்டு எண்ணெய் வேண்டும் என்று கையேடே சொன்னால், அதில் சொன்ன எண்ணெயை, சொன்ன இடத்தில் விடலாம். பொது விதியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி, கோளாறு வந்துவிட்ட பிறகு செய்ய வேண்டியது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கோளாறு எதனோடு சேர்ந்து மாறுகிறது? தட்டின் வேகமும் வலுவும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மெல்ல ஏறி மெல்ல இறங்கினால், கம்ப்ரஸர் மோட்டார் ஓடி நிற்கும் நேரத்தோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் சேர்ந்து போனால் குற்றம் ரெகுலேட்டரில். டேங்கின் ஏற்ற இறக்கத்தை அது மறைக்கத் தவறுகிறது. ஹோஸை அசைக்கும்போது மாறினால் மடிப்போ கீறலோ இருக்கிறது. உளியை மாற்றும்போது மாறினால் பெடலை மறந்துவிடுங்கள். நாளின் முதல் அரை மணி நேரம் மட்டும் சண்டித்தனம் செய்து பிறகு சரியாகிவிட்டால், இரவில் எங்கேயோ தண்ணீர் தேங்கி நிற்கிறது அல்லது பிஸ்டனில் பிசுக்கு ஏறியிருக்கிறது. இந்தக் கேள்விகளுக்கு ஒரு ஸ்பானர்கூடத் தேவையில்லை.

அடுத்தது பெடலைச் சுற்றிக்கொண்டு போகும் சோதனை. வால்வு வகைப் பெடலாக இருந்து, அதன் உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் ஒரே அளவில் இருந்தால், காற்றை அடைத்து, குழாய்களை வெறுமையாக்கி, இரண்டையும் ஒரு நேர் இணைப்பால் சேர்த்துவிடுங்கள். ரெகுலேட்டரை முழுதாக இறக்கி வைத்துக்கொண்டு காற்றைத் திறந்து, மெல்ல மெல்ல ஏற்றுங்கள். ஹேண்ட்பீஸ் சீராகத் தட்டத் தொடங்கினால் சந்தேகம் பெடல்மேல் நிலைக்கிறது. அப்போதும் தட்டவில்லை என்றால் பெடலை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் பலன் இருக்காது. கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வரும் கருவிகளில் கையேடு அனுமதிக்காமல் இதைச் செய்ய வேண்டாம். அவற்றில் சில, காற்றைத் தொடர்ச்சியாக அனுப்பாமல் துடிப்புகளாக அனுப்புபவை. அத்தகைய கருவிகளில் ஹோஸின் நீளமும் விறைப்புமே தட்டின் ஒரு பகுதி. கடையில் கிடைத்த நீளமான, மெத்தென்ற ட்யூபை மாட்டிவிட்டு "பெடலில் வலு இல்லை" என்று சொல்வதில் நியாயமில்லை. துடிப்பை அந்த ட்யூபே விரிந்து விழுங்கிவிடுகிறது.

காலை எடுத்தும் தட்டு அடங்கவில்லை என்பது மிகப் பொதுவான புகார். இதற்குக் காரணம் பெரும்பாலும் ஐடில் திருகு. மிதித்தவுடன் பதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பல கருவிகள் ஓய்விலும் சிறிது காற்றை விடுகின்றன. பிஸ்டன் ஓடப்போகும் விளிம்பில் நிற்கும். அழுத்தத்தைச் சற்று ஏற்றினாலோ, இலேசான ஹேண்ட்பீஸுக்கு மாறினாலோ அந்த விளிம்பு நகர்ந்துவிடும். ஐடிலைக் குறைத்தால் போதும். முழுக்க மூடியும் அடங்கவில்லை என்றால் வால்வு கசிகிறதா என்று பார்க்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். அழுத்தத்தைக் குறைத்து, ஹேண்ட்பீஸைக் கழற்றி, ஹோஸின் நுனியை மட்டும் தண்ணீரில் வையுங்கள். காலை எடுத்த நிலையில் குமிழி வந்துகொண்டிருந்தால் வால்வு மூடவில்லை. காற்றை அடைப்பதற்கு முன் நுனியை வெளியே எடுத்துவிட வேண்டும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் எம்போரியாவில் உள்ள ஜிஆர்எஸ் நிறுவனத்தின் பழைய கிரேவர்மைஸ்டர் போல, அழுத்தத்தையும் உறிஞ்சலையும் மாற்றி மாற்றி அனுப்பும் கருவிகளில் இந்தச் சோதனையே கூடாது. தண்ணீர் உள்ளே ஏறிவிடும்.

இப்படிப் படிப்படியாகப் போனால் நேரம் வீணாகாதா, பெடலைத் திறந்து பார்க்க அஞ்சு நிமிடம் போதாதா என்று கேட்கலாம். திறக்க அஞ்சு நிமிடம் போதும் என்பது உண்மை. ஆனால் திறந்து பார்த்தவர் எதைக் காண்பார்? எப்போதும் கொஞ்சம் அழுக்கு இருக்கும். அதைத் துடைத்து மூடியதும், குழாய்களில் இருந்த காற்று வெளியேறி, தேங்கிய தண்ணீரும் சிந்தி, கருவி ஒரு நாள் நன்றாக ஓடும். அழுக்குதான் காரணம் என்ற முடிவு உறுதியாகிவிடும், உண்மையான காரணம் அப்படியே இருக்கும். தவறான மருந்தால் ஒரு நாள் கிடைக்கும் குணத்தைப்போல ஆபத்தானது பட்டறையில் வேறில்லை. அழுத்தத்தை ஏற்றிச் சமாளிப்பதும் இதே ரகம். வலு குறைந்ததற்குக் காரணம் அடைப்பு என்றால், ஏற்றிய அழுத்தம் அடைப்பைத் தாண்டிச் சிறிது காலம் வேலை செய்யும். அதற்குள் கசிவுகள் பெருகும், மென்மையான மிதிப்பு அறவே போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு பெடல்தான் என்று தெரிந்தால் திறக்கலாம். காற்று இணைப்பைக் கழற்றி, பெடலை ஒருமுறை மிதித்து மிச்ச அழுத்தத்தை வெளியேற்றுங்கள். மின் வகை என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து, மூடியை எடுத்ததும் கைபேசியில் ஒரு படம். ஸ்பிரிங் இருக்கும் பக்கத்தை ஒரு விரலால் அமுக்கிக்கொண்டுதான் கடைசித் திருகை எடுக்க வேண்டும். வால்வின் தண்டையும் இருக்கையையும் பஞ்சு சுற்றிய குச்சியில் சிறிது ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து உலர விடுங்கள். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றும் ரப்பருக்கு ஆகாதவை. எமரித் தாள் வேண்டவே வேண்டாம். இருக்கையில் விழும் ஒரு கோடு நிரந்தரக் கசிவு. ஓ-ரிங்கை நகத்தால் அழுத்திப் பாருங்கள்: தட்டையாகிவிட்டதோ, வெடிப்பு தெரிகிறதோ, கடினமாகிவிட்டதோ, மாற்ற வேண்டியதுதான். காற்றுக் கருவிகளில் பெரும்பாலும் கறுப்பு நைட்ரைல் ரப்பர்தான் இருக்கும். அதற்குச் சிலிக்கான் கிரீஸ் பொருந்தும். அளவு? விரல் நுனியில் பளபளப்பு தெரிந்தால் போதும், வெள்ளையாகத் திரண்டு நின்றால் அதிகம். டபிள்யூடி-40 அடிப்பது பலருக்கும் பழக்கம். பெயரே சொல்வதுபோல அது ஈரத்தை விரட்டச் செய்த கலவை. நீடித்து நிற்கும் உயவுப் பொருளாக அதை வால்வுக்குள் நம்ப முடியாது. மரைகளுக்கு டெஃப்லான் டேப் சுற்றும்போது முதல் ஒரு மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். முனையில் தொங்கும் டேப்பின் இழை பிய்ந்து போய் வால்வு இருக்கையில் படுப்பது, பழுது பார்த்த மறுநாளே பழுது வருவதற்கு ஒரு முக்கியக் காரணம். அமுக்கிச் செருகும் வகை இணைப்புகளில் டேப் தேவையே இல்லை. ட்யூபின் நுனி கூரிய பிளேடால் நேராக வெட்டப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாம் மூடியபின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

பெடலே வேண்டாம் என்ற கட்சியும் உண்டு. நெப்ராஸ்காவைச் சேர்ந்த செதுக்குக் கலைஞர் ஸ்டீவ் லிண்ட்சே, உள்ளங்கையால் தள்ளும் அழுத்தத்திலேயே காற்று கூடிக் குறையும் ஹேண்ட்பீஸைக் கொண்டுவந்தார். கால் விடுதலையாகிறது, தரையில் குழாய் இல்லை. நுண்ணோக்கியின் கீழ் நாற்காலியை நகர்த்தி நகர்த்தி வேலை செய்பவருக்கு அது வசதிதான். ஆனால் பெடல் போனால் தொல்லை போகும் என்பது கணக்குத் தவறு. ஈரக் காற்றும் எண்ணெய்ப் புகையும் அப்போது நேராக ஹேண்ட்பீஸுக்குள் போகின்றன. இதுவரை பெடல் வாங்கிக்கொண்ட அழுக்கை, அதைவிட நுணுக்கமான, விலை அதிகமான கருவி வாங்கிக்கொள்ளும். கையின் தள்ளலையும் உளியின் வலுவையும் தனித்தனியாக ஆள விரும்புபவர்களுக்குப் பெடலே நல்லது. எதைத் தேர்ந்தாலும் கம்ப்ரஸர் பக்கத்து வேலை குறையப் போவதில்லை.

பெடலை வைக்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். குதிகால் தரையில் ஊன்றி, முன்பாதம் மட்டும் பெடலைத் தொட வேண்டும். காலின் முழு எடையும் அதன்மேல் சாய்ந்திருந்தால் ஓய்வு நிலையே அரை மிதிப்பாகிவிடும். ஐடில் கெட்டுவிட்டது என்று திருகைத் திருப்பிக்கொண்டிருப்போம். பெடல் வழுக்காமலிருக்க அடியில் ஒரு ரப்பர் பாயும், தரையிலிருந்து ஓரங்குலம் உயர்த்த ஒரு பலகையும் போதும். தூளை ஏர் கன்னால் ஊதித் தள்ளாதீர்கள். ஊதும் காற்று தூளை வால்வுத் தண்டின் இடுக்குக்குள்தான் தள்ளும், கண்ணிலும் அடிக்கும். ஒரு தட்டின்மேல் பெடலைக் கவிழ்த்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தங்க வேலை நடக்கும் பட்டறை என்றால் அந்தத் தூளையும் துடைத்த துணியையும் குப்பையில் போடாமல் மேசைத் தூளோடு சேர்த்து வையுங்கள். சுத்திகரிப்புக்குக் கொடுக்கும்போது அதிலிருந்தும் தங்கம் வரும்.